கடுகின் கோப்பும் கோடிகளின் சந்தாவும்
மக்கள் பணத்தில் நடக்கும் உயிரியல் ஆய்வை மக்கள் படிக்க முடிகிறதா?

புது தில்லி: தில்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகத்தில் பிறந்த ஒரு கடுகு ரகம், சுற்றுச்சூழல் அமைச்சகம், மத்திய தகவல் ஆணையம், நாடாளுமன்ற நிலைக்குழு, உச்ச நீதிமன்றம் எனத் தலைநகரின் முக்கிய வாசல்கள் அனைத்தையும் ஏறி இறங்கியிருக்கிறது. அந்தக் கடுகு நல்லதா, கெட்டதா என்பது குறித்து அறிவியலாளர்களே இரு அணிகளாக நிற்கிறார்கள். ஆனால், அந்த விவாதத்துக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. அரசு நிதியில், அரசுப் பல்கலைக்கழகத்தில் நடைபெறும் ஓர் ஆய்வின் முழு விவரத்தையும் படிக்கும் உரிமை, அதற்கு வரி செலுத்திய குடிமகனுக்கு உண்டா, இல்லையா?

இந்தக் கேள்வி கடுகோடு நிற்பதல்ல. ஆய்விதழ்களுக்கு அரசு செலுத்தும் சந்தா, மாணவர்களின் பாடநூல் நகல், அறிவியல் செய்திகளைத் தாய்மொழிக்குக் கொண்டுவரும் அமைப்புகள் என எல்லா இடங்களிலும் அது தலைகாட்டுகிறது.

கடுகு வந்த வழி: "டிஎம்ஹெச்-11" எனப்படும் இந்தக் கடுகை உருவாக்கியது, தில்லிப் பல்கலைக்கழகத்தின் பயிர் மரபணு மாற்றத்துக்கான ஆய்வு மையம். ஆய்வுக்குத் தலைமை தாங்கிய மரபியல் அறிஞர் தீபக் பெண்டல், 2005 முதல் 2010 வரை அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். பணம் தந்தவை தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமும் மத்திய அரசின் உயிரி தொழில்நுட்பத் துறையும்.

கடுகு பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை நடக்கும் பயிர். எனவே, இரு ரகங்களைக் கலந்து வீரிய ஒட்டு ரகத்தைப் பெருமளவில் உருவாக்குவது எளிதல்ல. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியத்திலிருந்து எடுத்த "பார்னேஸ்" என்ற மரபணு ஒரு பெற்றோர்ச் செடியின் மகரந்தத்தை மலடாக்குகிறது. "பார்ஸ்டார்" என்ற மரபணு அடுத்த தலைமுறையில் அந்த மலட்டுத்தன்மையை நீக்குகிறது. இவற்றுடன் மூன்றாவதாக ஒரு மரபணுவும் உண்டு. "குளுஃபோசினேட்" என்ற களைக்கொல்லியைத் தாங்கும் திறனை அது செடிக்குத் தருகிறது. சர்ச்சையில் பெரும்பங்கு இந்த மூன்றாவது மரபணுவைச் சுற்றியே எழுந்தது.

நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியால் நிறைவு செய்யப்படுகிறது. விளைச்சலை உயர்த்தும் உள்நாட்டுத் தொழில்நுட்பம், அதுவும் பன்னாட்டு நிறுவனத்திடமிருந்து வராமல் பொதுத்துறையிலிருந்து வருவது, ஏன் தடுக்கப்பட வேண்டும் என்று ஆதரவாளர்கள் கேட்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்த்த ரகங்கள் பழையவை. விளைச்சல் கணக்கு சரியில்லை. களைக்கொல்லிப் பயன்பாடு பெருகும். தேனீக்கள் மீதான விளைவு போதிய அளவு ஆராயப்படவில்லை என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். இரு தரப்பில் எது சரி என்பதைத் தீர்மானிக்க ஒரே வழி, சோதனைத் தரவுகளை எல்லோரும் பார்ப்பதுதான்.

பார்க்க முடிந்ததா?: அனுமதி கோரும் விண்ணப்பம் 2015-இல் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவுக்கு வந்தது. தரவுகள் வெளியிடப்படவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் செய்யப்பட்ட மேல்முறையீட்டில், வணிக ரகசியம் எனக் கருதத்தக்கவை நீங்கலாகப் பிறவற்றை வெளியிடுமாறு 2016 ஏப்ரலில் மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், சுமார் 130 பக்கங்கள் கொண்ட மதிப்பீட்டுச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் இணையத்தில் வெளியிட்ட சுற்றுச்சூழல் அமைச்சகம், கருத்துக் கூற 30 நாள்கள் அவகாசம் அளித்தது. முழுக் கோப்பைப் பார்க்க விரும்புவோர், முன்கூட்டியே நேரம் பெற்றுத் தில்லியில் உள்ள அமைச்சக அலுவலகத்துக்கு வந்து பார்க்கலாம் என்று அறிவிக்கப்பட்டது.

ராஜஸ்தானின் பரத்பூரில் கடுகு பயிரிடும் விவசாயியோ, மத்தியப் பிரதேசத்தின் மொரேனாவில் தேனீ வளர்ப்பவரோ, வேலையை விட்டுவிட்டுத் தில்லிக்கு வந்து ஆங்கிலத்தில் உள்ள மரபியல் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு 30 நாள்களுக்குள் கருத்துத் தெரிவிப்பார்கள் என்று அமைச்சகம் உண்மையிலேயே எதிர்பார்த்ததா என்பது தெரியாது. சட்டத்தின் எழுத்துக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். நம்பிக்கையை உருவாக்க அது போதவில்லை என்பதைப் பின்னர் நடந்தவை காட்டின.

2017 மே மாதம் மதிப்பீட்டுக் குழு பரிந்துரை வழங்கியும், அமைச்சகம் முடிவெடுக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், அறிவியல், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், வனங்களுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தனது அறிக்கையை அளித்தது. காங்கிரஸ் உறுப்பினர் ரேணுகா செளத்ரி தலைமையிலான அந்தக் குழு, உயிரிப் பாதுகாப்பும் சமூக, பொருளாதார விளைவுகளும் சுதந்திரமாகவும் வெளிப்படையாகவும், மக்கள் பங்கேற்புடனும் மதிப்பிடப்படும் வரை எந்த மரபணு மாற்றுப் பயிரையும் அனுமதிக்கக் கூடாது என்றது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 2012 ஆகஸ்டில், வாசுதேவ் ஆச்சார்யா தலைமையிலான வேளாண் நிலைக்குழுவும் ஏறத்தாழ இதே கவலையைத் தெரிவித்திருந்தது. வெவ்வேறு கட்சியினர் அமர்ந்திருந்த இரு குழுக்கள், இரு வேறு ஆட்சிக் காலங்களில் ஒரே திசையில் கை காட்டியது கவனிக்கத்தக்கது.

2022 அக்டோபர் 18-ஆம் தேதி மதிப்பீட்டுக் குழு மீண்டும் பரிந்துரை அளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்தது. 2024 ஜூலை 23-ஆம் தேதி நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சஞ்சய் கரோல் ஆகியோர் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். அனுமதி செல்லாது என்றார் ஒருவர். நிபந்தனைகளுடன் செல்லும் என்றார் மற்றவர். ஆயினும், மரபணு மாற்றுப் பயிர்கள் குறித்துத் தேசியக் கொள்கை ஒன்றை மத்திய அரசு அனைத்துத் தரப்பினரையும் கலந்து வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

கத்தரிக்காய் தந்த பாடம்: இதற்கு மாறான முன்மாதிரி ஒன்று இருந்தது. பி.டி. கத்தரி ஆய்வில் தனியார் விதை நிறுவனத்துடன் கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும், தார்வாடில் உள்ள வேளாண் பல்கலைக்கழகமும் இணைந்து செயல்பட்டன. தகவல் உரிமைச் சட்டப் போராட்டத்துக்கும் உச்ச நீதிமன்றத் தலையீட்டுக்கும் பிறகு, 2008-இல் அதன் பாதுகாப்புச் சோதனைத் தரவுகள் இணையத்தில் வெளியாயின. அதன் பின்னரே வெளியில் இருந்த அறிவியலாளர்களால் அவற்றை ஆராய்ந்து கருத்துக் கூற முடிந்தது. 2010 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டங்களை நடத்தினார். பிப்ரவரி 9-ஆம் தேதி அனுமதியை நிறுத்திவைத்தார். அந்த முடிவை ஏற்காத அறிவியலாளர்கள் இன்றும் உண்டு. ஆனால், எந்த ஆவணத்தின் அடிப்படையில், எந்த வாதங்களைக் கேட்டு அம்முடிவு எடுக்கப்பட்டது என்பது பொதுவெளியில் பதிவாகியிருக்கிறது. மறுத்துப் பேசுவோர்க்கும் அந்தப் பதிவு பயன்படுகிறது.

திறந்த இதழின் பலன் 2018-இல் வெளிப்பட்டது. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனும் பி.சி. கேசவனும் இணைந்து பி.டி. பருத்தியை விமர்சித்து எழுதிய கட்டுரை, "கரண்ட் சயின்ஸ்" இதழில் வெளியானது. அதில் கடுமையான பிழைகள் இருப்பதாக மத்திய அரசின் அப்போதைய முதன்மை அறிவியல் ஆலோசகர் கே. விஜயராகவன் வெளிப்படையாகவே மறுத்தார். 1932-இல் தொடங்கப்பட்ட அந்த இதழை யாரும் கட்டணமின்றிப் படிக்கலாம். எனவே, யார் என்ன எழுதினார், மறுப்பு எந்த வரியைக் குறித்தது என்பதைக் கல்லூரி மாணவர்கூடச் சரிபார்க்க முடிந்தது. கட்டணச் சுவருக்குள் இருக்கும் இதழாக இருந்திருந்தால், அந்த விவாதம் வெறும் செவிவழிச் செய்தியாகவே முடிந்திருக்கும்.

இருமுறை செலுத்தும் விலை: நம் நாட்டு ஆய்வுக் கட்டுரைகளில் முக்கியமானவை பலவும் வெளிநாட்டு இதழ்களில்தான் வெளியாகின்றன. ஆய்வாளரின் ஊதியமும் ஆய்வகச் செலவும் அரசுடையவை. கட்டுரையை மதிப்பிடும் சக ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஊதியமின்றியே அந்தப் பணியைச் செய்கிறார்கள். அச்சேறியபின் அதே கட்டுரையைப் படிக்க அரசு நூலகங்கள் சந்தா கட்ட வேண்டும். இந்தத் துறையின் மிகப்பெரிய நிறுவனமான எல்சவியரை நடத்தும் குழுமத்தின் அறிவியல் பதிப்புப் பிரிவு, 2023-இல் ஈட்டிய செயல்பாட்டு லாபம் வருவாயில் சுமார் 38 சதவீதம்.

இதற்கு விடையாக மத்திய அரசு முன்வைத்திருப்பது "ஒரே நாடு, ஒரே சந்தா" திட்டம். 2024 நவம்பர் 25-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டத்துக்கு 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை, 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1.8 கோடி பேர் படிக்கலாம். ஒருங்கிணைக்கும் பொறுப்பு காந்திநகரில் உள்ள "இன்ஃப்ளிப்நெட்" மையத்துக்கு.

இதன் நன்மையை மறுக்க முடியாது. ஐஐடி மாணவருக்குக் கிடைக்கும் இதழ், மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரி மாணவருக்கும் கிடைக்கும் என்பது சமநீதியின் பாற்பட்டது. ஆனால், கணக்கைச் சற்றே விரித்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்குச் சராசரியாக ரூ. 2,000 கோடி என்பது, 2024-25 நிதிநிலை அறிக்கையில் உயிரி தொழில்நுட்பத் துறை முழுவதற்கும் ஒதுக்கப்பட்ட சுமார் ரூ. 2,275 கோடிக்கு வெகு அருகில் நிற்கிறது. ஒரு துறையின் ஆய்வுகளுக்குத் தருவதற்கு நிகரான தொகை, படிக்கும் அனுமதிக்காகவே செல்கிறது. அந்த அனுமதியும் சந்தா உள்ள வரைதான். தனியார் கல்லூரி மாணவர்கள் முதல் கட்டத்தில் சேர்க்கப்படவில்லை. கிராமப்புற மருத்துவர், பள்ளி ஆசிரியர், விவசாய சங்கத்தவர், ஏன், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க விரும்பும் உறுப்பினரின் உதவியாளருக்குக்கூட இதில் இடமில்லை.

ஏட்டில் உள்ள கொள்கை: பணம் செலவில்லாத வழி ஒன்று பத்தாண்டுகளுக்கு முன்பே வகுக்கப்பட்டது. உயிரி தொழில்நுட்பத் துறையும் அறிவியல், தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் கூட்டாக வெளியிட்ட கொள்கையின்படி, அவற்றின் நிதியில் நடந்த ஆய்வு எந்த இதழில் ஏற்கப்பட்டாலும், ஏற்கப்பட்ட இறுதிப் பிரதியை இரண்டு வாரங்களுக்குள் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்க வேண்டும். தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம் போன்றோர் சென்னையிலிருந்து நெடுங்காலமாக வலியுறுத்தி வந்ததும் இந்த வழியைத்தான்.

கொள்கை இருந்தும் கடைப்பிடிப்பு தளர்வாகவே இருந்தது. ஆய்வாளரின் பதவி உயர்வு, அவர் எந்த இதழில் எழுதினார் என்பதைப் பொருத்திருக்கிறது; எழுதியதைப் பொதுவில் வைத்தாரா என்பதைப் பொருத்தில்லை. வெளியான ஆய்வுகள் உடனடியாக எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று கோரும் ஐரோப்பாவின் "பிளான் எஸ்" ஏற்பாட்டில் இந்தியா சேரும் என 2019 பிப்ரவரியில் அறிவித்த விஜயராகவன், அதே ஆண்டிலேயே இந்தியா தன் வழியில் செல்லும் என்றார். அந்தத் தனி வழிதான் இன்றைய ஒரே சந்தா.

இதற்கிடையே அமெரிக்கா வேறு திசையில் சென்றது. அங்குள்ள தேசிய சுகாதார நிறுவனம் தன் நிதியில் நடந்த ஆய்வுகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைப்பதை 2008-இல் கட்டாயமாக்கியது. 2025 ஜூலை முதல், ஓராண்டுக் காத்திருப்பையும் நீக்கி, வெளியான நாளிலேயே அவை எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்றது. நிதி தரும் அரசே நிபந்தனை விதிக்கும்போது பதிப்பகங்கள் இணங்குகின்றன என்பதே இதன் பொருள்.

தடையும் தீர்ப்பும்: சந்தாவுக்கு வெளியே இருந்த ஆய்வாளர்கள் பலர் நெடுநாள் நம்பியிருந்தது "சை-ஹப்" என்ற இணையதளத்தை. பதிப்புரிமையை மீறும் அந்தத் தளத்துக்கு எதிராக எல்சவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் ஆகியவை 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. 2025 ஆகஸ்டில் அதை முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டப்படி அதில் வியப்பில்லை. ஆயினும், தங்கள் நாட்டு ஆய்வையே படிக்கச் சட்டத்துக்குப் புறம்பான வாசலை ஆய்வாளர்கள் நாட வேண்டியிருந்தது ஏன் என்ற கேள்விக்கு, தளத்தை முடக்குவது விடையாகாது.

அதே உயர் நீதிமன்றத்தில், அதே தில்லிப் பல்கலைக்கழகம் தொடர்பான வேறொரு வழக்கு கல்வியின் பக்கம் நின்றது. பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி நகலகம், பாடத்திட்டத்துக்கு ஏற்ப நூல்களின் பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்து விற்றதை எதிர்த்து ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் வழக்குத் தொடுத்தன. கற்பிக்கும் பணிக்காக நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அனுமதிக்கிறது என்று 2016 செப்டம்பர் 16-ஆம் தேதி தனி நீதிபதி தீர்ப்பளித்தார். உண்மை விவரங்களை விசாரிக்க வழக்கைத் திருப்பி அனுப்பினாலும், அந்தக் கோட்பாட்டை டிசம்பரில் டிவிஷன் அமர்வும் ஏற்றது. அடுத்த ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. ஏழை மாணவனின் நகல் தாளுக்குப் பாதுகாப்பு தந்தது நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் ஒரு விதிவிலக்கு என்பதை மறக்கக் கூடாது.

அரசே செய்த நற்பணிகளும் உண்டு. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய "என்பிடெல்" வகுப்புகளில் உயிரியல் பாடங்களும் அடக்கம். அவற்றை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். 2017-இல் "ஸ்வயம்" தளம் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை "ஷோத்கங்கா" களஞ்சியம் பொதுவில் வைத்திருக்கிறது. இவை எல்லாம், திறந்து வைப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல என்பதற்குச் சான்றுகள்.

மொழி என்னும் கதவு: கோப்பைத் திறந்து வைத்தாலும், அதைப் புரியும்படி சொல்ல ஆள் வேண்டும். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதை 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் குடிமக்களின் அடிப்படைக் கடமையாக அரசியல் சாசனம் ஆக்கியது. அந்தக் கடமைக்குத் துணை நிற்க 1989-இல் அமைக்கப்பட்ட "விஞ்ஞான் பிரசார்", நூல்கள், வானொலித் தொடர்கள், பிற்காலத்தில் மாநில மொழி இதழ்கள் என இயங்கி வந்தது. 2023-இல் அது மூடப்பட்டது. ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் ஆய்வைப் பொதுமக்களுக்குப் புரியும்படி எழுதினால் பரிசளிக்கும் "அவ்சர்" திட்டத்தை 2018-இல் கொண்டுவந்த அதே துறையின்கீழ்தான் இந்த நிறுவனமும் இருந்தது. பரிசு ஒரு நாள் செய்தி; நிறுவனம் பல ஆண்டு உழைப்பு. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

மொழிபெயர்க்கப்படாத அறிவியல் அச்சத்துக்கு இடம் தருகிறது. கரோனா இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரலில், தொற்றுத் தரவுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுமாறு 300-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் பிரதமருக்கு வேண்டுகோள் விடுத்தனர். ஆய்வாளர்களுக்கே தரவு எட்டாதபோது, வதந்தியை எதைக் கொண்டு மறுப்பது?

நாடாளுமன்றம் செய்யக்கூடியது: 2025 மே மாதம், மரபணு திருத்தம் செய்யப்பட்ட இரு நெல் ரகங்களை மத்திய வேளாண் அமைச்சகம் அறிமுகப்படுத்தியது. அயல் மரபணு சேர்க்கப்படாத இத்தகைய பயிர்களுக்கு 2022-இலேயே கடுமையான விதிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது. விலக்கு நியாயமானதாக இருக்கலாம். ஆனால், சோதனைத் தரவுகள் மக்கள் கண்ணில் படாமல் போனால், கடுகின் கதை நெல்லிலும் தொடரும். கடுகைவிட நெல் மீது இந்த நாட்டுக்கு உணர்ச்சி அதிகம்.

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் 2023 ஆகஸ்டில் இரு அவைகளிலும் நிறைவேறியபோது, ஐந்தாண்டுகளில் ரூ. 50,000 கோடி திரட்டப்படும் என்றும், அதில் பெரும்பகுதி அரசு நிதியல்லாத வழிகளில் வரும் என்றும் அரசு கூறியது. தனியார் பணம் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குள் வரும்போது வணிக ரகசியம் என்ற சொல்லும் கூடவே வரும். எந்த ஆய்வு பொதுவில் வைக்கப்படும், எது வைக்கப்படாது என்பதை அப்போதைக்கப்போது அதிகாரிகள் முடிவு செய்வதைவிட, விதிகளிலேயே எழுதிவைப்பது நல்லது.

உறுப்பினர்கள் கேட்கக்கூடிய கேள்விகள் எளியவை. 2014 கொள்கைப்படி இதுவரை எத்தனை கட்டுரைகள் களஞ்சியத்தில் சேர்ந்துள்ளன? சேர்க்காத நிறுவனங்களுக்கு அடுத்த தவணை நிதி ஏன் நிறுத்தப்படவில்லை? உயிரிப் பாதுகாப்புக் கோப்புகளின் சுருக்கம், பயிர் விளையும் மாநிலங்களின் மொழிகளில் ஏன் வரவில்லை? சந்தா ஒப்பந்தங்களில், இந்திய ஆய்வுகளை உலகெங்கும் கட்டணமின்றித் திறக்கும் நிபந்தனை உண்டா? கேள்வி நேரத்தின் ஒரு நட்சத்திரக் கேள்விக்குள் அடங்கக்கூடியவை இவை.

ஒரே சந்தாத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்த காலம் 2027 டிசம்பரோடு முடிகிறது. பதிப்பகங்களுடன் அடுத்த பேரம் அதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும். ரூ. 6,000 கோடியில் வாங்கியது என்ன, வாங்காமல் விட்டது யாருக்கு என்ற கணக்கை, பேரம் முடிந்தபின் தணிக்கை அறிக்கையில் படிப்பதைவிட, தொடங்கும் முன்பே நிலைக்குழுவின் மேஜைக்கு வரவழைப்பது உறுப்பினர்களின் கையில்தான் இருக்கிறது.